ஒன்பதாவது பெயர்

எட்டுப் பேருடைய பெயரும் மயிலரசிக்கு மனப்பாடம். தினமும் காலையில் தலை வாரும்போது வரிசையாகச் சொல்லிப் பார்ப்பாள். மற்றவர்கள் சாமி பெயர் சொல்கிற நேரம் அது. அவளுக்குச் சாமி கிடையாது. இரண்டு வருடங்களாக இந்த எட்டுப் பெயர்கள்தான். குப்புராசில் தொடங்கிக் கனகவேலில் முடியும். நடுவில் ஒரு பெயர் விட்டுப்போனாலும் சீப்பைக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள்.

இன்றைக்கு அந்த எட்டுப் பேரையும் ஒரே அறையில் பார்க்கப் போகிறாள். திருப்பூரில் சமய நடத்தை ஆணையம் இருக்கும் கட்டடத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதுகூட ஆகவில்லை. பதினோரு மணிக்குத்தானே விசாரணை என்றான் காவலாளி. பரவாயில்லை, இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். இரண்டு வருடம் காத்திருந்தவளுக்கு இரண்டு மணி நேரம் ஒரு பொருட்டா?

செவிநெறி மன்றம் என்றால் அந்த ஊரில் தெரியாதவர்கள் இல்லை. பின்னலாடை ஆலைகளில் ஆளுக்குப் பதில் இயந்திரக் கைகள் வந்து, விடுதிகளில் தங்கியிருந்த ஆயிரக்கணக்கான பேர் போக்கிடம் இல்லாமல் நின்ற காலத்தில் முளைத்த மதம் அது. கோயில் கிடையாது, சிலை கிடையாது. கடவுள் என்பது ஒரு பெரிய காது, அவ்வளவுதான் அவர்கள் கொள்கை. யார் அழைத்தாலும் 'கேட்கிறேன்' என்று பதில் கொடுக்க வேண்டும். அது முதல் விதி. வாரம் ஒருநாள் வட்டமாக உட்காருவார்கள். ஒருவர் தன் துயரத்தைச் சொல்ல, மற்றவர்கள் குறுக்கே பேசாமல் கேட்பார்கள். அதற்குக் 'கேட்பு' என்று பெயர். கேட்பில் காதில் விழுந்தது எதையும் வெளியே சொல்லக் கூடாது. சொல்லும்போது அழகாகத்தான் இருக்கிறது. மயிலரசி பிறந்து வளர்ந்ததும் அவர்களுடைய குடியிருப்பில்தான். இருபது வயதில் போதும் என்று வெளியே வந்துவிட்டாள். அவளுடைய அம்மா ராசாமணி வரவில்லை.

ஒருநாள் கேட்பில் கனகவேலின் மருமகள் அம்சவேணி வாய் திறந்தாள். கணவன் இஸ்திரிப் பெட்டியால் தன் தொடையில் சூடு வைப்பதைச் சொன்னாள். எல்லோரும் கேட்டார்கள், கண்ணீர்கூட விட்டார்கள், பிறகு எழுந்து சாப்பிடப் போனார்கள். ராசாமணி மட்டும் மறுநாள் காவல் நிலையத்துக்குப் போனாள். அம்சவேணி தப்பித்தாள், கனகவேலின் மகன் சிறைக்குப் போனான். கேட்பை வெளியே கொண்டுபோன குற்றத்துக்காக மன்றம் ராசாமணிக்குச் செவியடைப்பு விதித்தது. ஒரு வருடத்துக்கு அவள் பேச்சு யார் காதிலும் விழக் கூடாது. கூப்பிட்டால் திரும்பக் கூடாது, கதவைத் தட்டினால் திறக்கக் கூடாது. எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்லி மயிலரசி தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

"ஒரு வருசந்தான கண்ணு, ஓடிப்போயிரும்" என்றாள் ராசாமணி.

வருடம் முடிய நாற்பது நாள் இருக்கும்போது, ஒரு சித்திரை மாதத்து முற்பகலில் அவளுக்கு நெஞ்சு வலித்தது. ஆறாவது மாடி. தாழ்வாரத்தின் ஒரு கோடியில் அவள் வீடு. மறு கோடியில் லிஃப்டும், ஆம்புலன்ஸை அழைக்கும் சிவப்புப் பொத்தானும். நடுவே ஒன்பது வீடுகள். மகளுக்கு நான்கு முறை போன் அடித்துப் பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே நடந்திருக்கிறாள். எட்டுக் கதவுகள் திறக்கவில்லை. முதல் கதவு திறந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னார். சாயத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பகல் ஷிஃப்டில் இருந்த மயிலரசியின் போன், அங்குள்ள விதிப்படி வாசல் பெட்டியில் பூட்டிக் கிடந்தது.

ஒன்பதாவது கதவு திறந்தது. துளசிமணியின் வீடு அது. ராசாமணியை மடியில் போட்டுக்கொண்டு வாயில் தண்ணீர் விட்டு, பொத்தானை அழுத்தியதும் அவள்தான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அந்த மடியிலேயே உயிர் போய்விட்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தபோது ராசாமணி பொத்தானடியில் தனியாகத்தான் கிடந்தாள். மற்ற எட்டு வீட்டுக்காரர்களும் கதவுக்குப் பின்னால் இருந்ததால் இதை யாரும் பார்க்கவில்லை. துளசிமணியே சாவுக்கு வந்து மயிலரசியிடம் சொன்னாள். அடுத்த கேட்பிலும் ஒத்துக்கொண்டாள். அவளுக்கும் மூன்று மாதம் செவியடைப்பு போட்டார்கள். அதையும் வாங்கிக்கொண்டு இன்னும் அங்கேயேதான் இருக்கிறாள். அந்த ஒன்று மட்டும் மயிலரசிக்கு எத்தனை யோசித்தும் புரிந்ததில்லை. புகார் மனுவில் எட்டுப் பெயர்களை எழுதினாள். நல்ல மனுஷியை எதற்கு இழுக்க வேண்டும் என்று ஒன்பதாவது வீட்டைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

விசாரணை அறையில் ஆரோக்கியம் ஏவல்மானியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதை இயக்குகிறவர் அவர்தான். பார்க்கப் பெரிய சங்கதி ஒன்றும் இல்லை. மெல்லிய கம்பிகள் ஓடும் ஒரு குல்லாய், பக்கத்தில் ஒரு திரை.

"இதைப் போட்டுக்கிட்டு அன்னைக்கு நடந்ததை நெனச்சுப் பாக்கணும்மா, அவ்வளவுதான்" என்றார். "அன்னைக்கு மூளையில எந்த எடம் வேலை செஞ்சுதோ, நெனைக்கும்போது அதே எடம் திரும்ப முழிச்சுக்கும். சொந்தமாத் தோணிச் செஞ்சது ஒரு எடம். பயந்தோ பக்தியிலயோ, இப்படித்தான் செய்யணும்னு ஏவலுக்குச் செஞ்சது வேற எடம். ரெண்டையும் பிரிச்சு, ஏவல் நூத்துக்கு எவ்வளவுன்னு சொல்லும்."

"அப்பறம்?"

"அறுபதுக்கு மேல போனா அந்த ஆளு வீட்டுக்குப் போகலாம். பழி மதத்து மேல. அறுபதுக்குக் கீழன்னா மதத்துக்குச் சம்பந்தமில்ல, ஆளு கோர்ட்டுக்குப் போவாரு."

"ரெண்டு பேரையுமே தண்டிக்கணும்னா?"

ஆரோக்கியம் துணியை மடித்து வைத்தார். "எல்லாரும் அதைத்தாம்மா கேக்குறாங்க. ஒரே பழியை ரெண்டு தலையில வைக்க முடியாதுன்னு சட்டம் சொல்லுது."

மயிலரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் இதை அவள் வீட்டிலேயே யோசித்து முடித்திருந்தாள். ஆளைத் தண்டித்தால் எட்டுப் பேருக்கும் சில வருடம்தான் வலிக்கும். மன்றத்தைக் கலைத்தால் அந்த எட்டுப் பேருக்கும் சாகும்வரை வலிக்கும். கூடம் சீல் வைக்கப்படும், இருபது வருடத்துக்குக் கேட்பு கூடாது, அந்தப் பெயரில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தாலே குற்றம். சொல்ல வாயும் கேட்க ஆளும் இல்லாமல் கிடக்கட்டும். அதுதான் வேண்டும் அவளுக்கு.

பதினோரு மணிக்கு ஆணையத் தலைவர் மெஹருன்னிசா வந்து உட்கார்ந்தார். ஓய்வு பெற்ற நீதிபதி, எழுபது வயது இருக்கும். "இந்த ஆணையம் யாருடைய கடவுளையும் விசாரிப்பதில்லை" என்று தொடங்கினார். "கும்பிடுகிறவர்களை மதிக்கிறோம். ஒரு மதம் தன் ஆட்களைக் கொண்டு மனிதர்களை எப்படி நடத்துகிறது என்பதை மட்டும் பார்க்கிறோம். இந்தக் குல்லாயைப் போட்டுக்கொள்ளும்படி யாரையும் கட்டாயப்படுத்த மாட்டோம். மூன்று முறை பெயரைக் கூப்பிடுவோம். வர விருப்பம் இல்லாதவர்கள் பேசாமல் இருந்துவிடலாம்."

முதலில் குப்புராசு. அந்தக் குடியிருப்பின் மன்றத் தலைவர், ராசாமணிக்குச் செவியடைப்பு விதித்தவர், முதல் கதவுக்காரர். குல்லாயைப் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். 

"தாழ்ப்பாள்ல கைய வெச்சேனுங்க" என்றார். "மூணு தடவ வெச்சேன். நான் இந்த ஊருக்கு வந்தப்ப மொதல்ல சோறு போட்டது அந்தக்காதானுங்க. வெளிய மூச்சு எளைக்கறது கேக்குது. துண்டை வாய்ல கடிச்சுக்கிட்டு நின்னேன். நாங்களே போட்ட விதியை நானே மீறுனா அப்பறம் யாருங்க மதிப்பாங்க?"

திரையில் தொண்ணூற்று நான்கு என்று வந்தது. குப்புராசு குல்லாயைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். அறையில் இரண்டொருவர் உச்சுக் கொட்டினார்கள். அழு, நல்லா அழு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள் மயிலரசி. ஒரு சொட்டு இரக்கம்கூட அவளுக்கு வரவில்லை. இந்த ஆள் மதியம் வீட்டுக்குப் போய் ரசம் ஊற்றிச் சாப்பிடுவான் என்பதுதான் தொண்டையில் நின்றது.

அடுத்த ஆறு பேருக்கும் எண்பத்தெட்டு, தொண்ணூற்று ஒன்று என்று அந்த வாக்கிலேயே வந்தது. ஒருத்தி டிவி சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறாள். ஒருவர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறார். எல்லோருக்கும் கேட்டிருக்கிறது, எல்லோருக்கும் திறக்க ஆசையாக இருந்திருக்கிறது. மன்றத்தின் குற்றக் கணக்கு நிறைய நிறைய மயிலரசிக்கு நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது.

கடைசியாகக் கனகவேல். வெள்ளை வேட்டி, புருவத்தை உயர்த்திய பார்வை. "விதியை மதிச்சேனுங்க, வேற ஒண்ணும் பண்ணல" என்று உட்காரும் முன்பே சொன்னார். திரையில் பதினொன்று வந்தது. மெஹருன்னிசா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் கேள்வி கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ராசாமணி கதவைத் தட்டியபோது கனகவேல் உள்ளே நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து கேட்டிருக்கிறார். மகனைச் சிறைக்கு அனுப்பியவள் சாவதைக் கேட்க அவருக்கு ஆசையாக இருந்திருக்கிறது. விதி அவருக்குக் கையில் கிடைத்த ஒரு சாக்கு. போலீஸ்காரர்கள் இரண்டு பேர் அவரை அப்படியே அழைத்துக்கொண்டு போனார்கள். வாசலைத் தாண்டும்வரை மயிலரசி கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகு நாளைக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது.

சாப்பாட்டுக்குப் போகிற வழியில் அறிவிப்புப் பலகையைப் பார்த்தாள். மதியம் இரண்டு மணி, மன்றத் தரப்பின் சாட்சி, துளசிமணி என்று இருந்தது.

"அவங்களை எதுக்குங்கண்ணா மன்றத்துக்காரங்க கூப்படறாங்க?" என்று ஆரோக்கியத்திடம் ஓடினாள்.

"தெரியலம்மா. அவங்க வக்கீல் தாமோதரனுக்கே தெரியாது போல. மன்றத் தலைவர் கூப்பிடச் சொன்னாரு, ஏன்னு சொல்ல மாட்டேங்கிறாருன்னு பொலம்பிக்கிட்டு இருந்தாரு. ஒருவேளை ஏழாம் பிரிவா இருக்கும்."

"அது என்ன?"

"அதே சம்பவத்துல, அதே மதத்தோட ஏவலாலேயே ஒருத்தர் ஒதவி பண்ணியிருந்தா மதத்தைக் கலைக்க முடியாது. தப்பான விதியை மட்டும்தான் எடுக்க முடியும். எல்லா மதத்துக்காரங்களும் சண்டை போட்டுச் சேத்த பிரிவும்மா அது. அந்தம்மா ஏதாவது ஒதவி பண்ணாங்களா?"

மயிலரசி அறிவிப்புப் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். விதியை மீறித்தானே துளசிமணி திறந்தாள்? மீறினால் அது சொந்த மனது, ஏவல் எப்படி ஆகும்? ஆகாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே துளசிமணியைத் தேடிப் போனாள்.

துளசிமணி பின்பக்கத்துக் கேண்டீனில் ஒரு மூலையில் உட்கார்ந்து டப்பாவிலிருந்து தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு வயது, ஒட்டிய கன்னம், ஆலையில் ஊசி ஏறி நகம் போன கட்டை விரல்.

"வா கண்ணு, சாப்பிட்டியா?" என்று டப்பாவை நகர்த்தினாள்.

"வேண்டாஞ் சித்தி. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நீங்க ஏன் தெறந்தீங்க? என்ற அம்மா மேல இருந்த பாசத்துலதான?"

துளசிமணி கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள். "உங்கிட்டப் பொய் சொல்லக் கூடாது. அப்ப எனக்கு உங்கம்மா மேல கோவம். கேட்புல அழுததைக் கொண்டுபோயி ஸ்டேசன்ல சொல்லிட்டாளே, நாளைக்கு நான் சொன்னதும் வெளிய போகுமோன்னு பயம். அவ கதவைத் தட்டுனப்ப காதைப் பொத்திக்கிட்டு அடுப்படியில உக்காந்துட்டேன். தெறக்கற நெனப்பே இல்ல."

"அப்பறம்?"

"துளசீன்னு பேரைச் சொல்லிக் கூப்ட்டா. கூப்ட்டாக் கேக்கறேன்னு சொல்லோணும். மொத விதி அதுதான கண்ணு? செவியடைப்பெல்லாம் பொறகு வந்தவங்க சேத்துனது. என்ற காலு தானா எந்திரிச்சுது. என்னைக் கேட்டா நான் தெறக்கல. அதுதான் தெறந்துச்சு."

மயிலரசிக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. ஏவல்மானி என்ன சொல்லும் என்று ஆரோக்கியத்தைக் கேட்க வேண்டியதில்லை. தொண்ணூறுக்குக் குறையாது. எட்டுக் கதவைச் சாத்திய மதம் இந்த ஒரு கதவைத் திறந்ததற்காகத் தப்பித்துக்கொள்ளும். விதியில் ஒரு வரியை அடித்துவிட்டு அடுத்த வாரமே வட்டமாக உட்காருவார்கள். குப்புராசு நடுவில் உட்கார்ந்து தன் துக்கத்தைச் சொல்லி அழ, நாலு பேர் கேட்பார்கள்.

"நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா சித்தி?"

"உன்னைக் கூப்புடுவாங்க, போன்னு தலைவரு சொன்னாரு. அதுக்கு மேல அவரு சொல்ல மாட்டாரு. நான் தெறந்தது அவருக்குக் கேட்புல தெரிஞ்சதுதான? வக்கீலுகிட்டக்கூடச் சொல்லக் கூடாது. என்ற வாயால நாந்தான் சொல்லோணும்."

அப்படியென்றால் துளசிமணியையும் தன்னையும் விட்டால் இதைச் சொல்ல ஆளே கிடையாது. மயிலரசிக்கு அது உறைக்க ஒரு நொடி பிடித்தது. எந்த விதிக்காக அம்மாவைக் கொன்றார்களோ, அதே விதியைப் பிடித்துக்கொண்டு இப்போது வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள்.

"நீங்க போகாதீங்க சித்தி" என்றாள். "மூணு தடவ கூப்புடுவாங்க. பேசாம உக்காந்துருங்க. ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

"போகலைன்னா மன்றம் போயிருமா?"

"போயிரும்."

துளசிமணி டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "பதினேழு வயசுல ஆத்தூர்ல இருந்து ஆஸ்டலுக்கு வந்தவ நான். கல்யாணம் பண்ணி, புருசன் உட்டுட்டுப் போயி, மூணு வயசுப் பொண்ணையும் காய்ச்சல்ல குடுத்துட்டு நிக்கறேன். நாலு நாளு, கண்ணு. நாலு நாளு மாத்தி மாத்தி என்ற பக்கத்துல உக்காந்து, சொன்னதையே நான் திருப்பித் திருப்பிச் சொல்ல, சலிக்காமக் கேட்டாங்க. உங்கம்மாவும் இருந்தா அதுல. அது இல்லைன்னா நான் யார்கிட்டப் போயிச் சொல்றது?"

"என்ற அம்மா யார்கிட்டச் சொன்னா?" மயிலரசியின் குரல் கேண்டீன் முழுக்கக் கேட்டது. இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை. "ஒரு வருசம் செவுத்துக்கிட்டப் பேசுனா. ஞாயித்துக்கெழமை நான் போனா, மூச்சு உடாமப் பேசுவா, தூங்கற வரைக்கும் பேசுவா. பாவம் புண்ணியமெல்லாம் எனக்குத் தெரியாது. அந்த மன்றம் இருக்கக் கூடாது. அவங்க கத்துனாக் கேக்க ஒரு நாதி இருக்கக் கூடாது. எனக்கு வேற எதுவும் வேண்டாஞ் சித்தி, நல்லா வாழணும்னுகூட இல்ல. இது ஒண்ணைக் குடுங்க."

எப்போது அழத் தொடங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. துளசிமணி குறுக்கே பேசவில்லை. தோளைத் தொடவில்லை, கண்ணைத் துடைக்கவில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கேட்பில் அப்படித்தான் உட்கார வேண்டும் என்று சின்ன வயதில் மயிலரசிக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

முடித்ததும் துளசிமணி டப்பாவை மூடினாள். "கேட்டுட்டேன் கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனாள்.

இரண்டு மணிக்கு அறை நிறைந்திருந்தது. துளசிமணி மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

"துளசிமணி" என்று எழுத்தர் கூப்பிட்டார்.

அவள் அசையவில்லை. மடியில் இருந்த பையின் காதைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். இரண்டாவது முறை கூப்பிட்டபோது வக்கீல் தாமோதரன் எழுந்து அவளிடம் வந்து குனிந்து என்னவோ சொன்னார். அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. குப்புராசு பாதி எழுந்து நின்றார். மூன்றாவது முறை கூப்பிட்டபோது துளசிமணியின் கால் பெருவிரல் தரையில் அழுந்தி, உடம்பு கொஞ்சம் முன்னால் வந்தது. அழைத்தால் எழுந்தே பழகிய உடம்பு. இன்னொரு கையால் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா" என்றார் தாமோதரன் நீதிபதியிடம், "இவங்க முக்கியமான சாட்சின்னு என் கட்சிக்காரர் சொல்றாரு."

"எந்த வகையில் முக்கியம்?"

தாமோதரன் குப்புராசைப் பார்த்தார். மெஹருன்னிசாவும் பார்த்தார். "நீங்களே சொல்லலாம். உங்கள் ஏழு பேரில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். இந்தப் பெண் அன்று என்ன செய்தார்?"

குப்புராசின் வாய் திறந்தது. ஒரு வார்த்தை சொன்னால் அவருடைய மன்றம் பிழைக்கும். கழுத்து நரம்பு புடைக்க நின்றார். பிறகு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். மற்ற ஆறு தலைகளும் குனிந்துகொண்டன. பார்க்கப் பார்க்க மயிலரசிக்கு இனித்தது. இப்படி ஒரு காட்சி கிடைக்கும் என்று அவள் கனவில்கூட நினைத்ததில்லை.

மெஹருன்னிசா அவள் பக்கம் திரும்பினார். "புகார் கொடுத்தவர் நீங்கள். அந்தத் தாழ்வாரத்தில் ஒன்பது வீடுகள். மனுவில் எட்டுத்தான் இருக்கிறது. இந்தத் துளசிமணி உங்கள் தாயாருக்குக் கதவைத் திறந்தாரா?"

மயிலரசி எழுந்து நின்றாள். இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. ஆமாம் என்றால், எப்படித் தெரியும், எதனால் திறந்தார் என்று கேள்வி நீளும். துளசிமணியை இன்னொரு நாள் வரச் சொல்வார்கள், பேசிப் பார்ப்பார்கள். ஏழாம் பிரிவு வந்துவிடும். துளசிமணி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் வேண்டுதலும் இல்லை, கோபமும் இல்லை.

"நான் அப்ப வேலைக்குப் போயிருந்தேனுங்க" என்றாள் மயிலரசி. "எனக்குத் தெரியாதுங்க."

மெஹருன்னிசா பேனாவை எடுத்தார். தீர்ப்பை அவர் எழுதிக்கொண்டே படித்தார். ஏழு பேர் ஏவலுக்குக் கட்டுப்பட்டுத்தான் கதவைச் சாத்தினார்கள் என்பது நிரூபணம். உதவியதாகச் சான்று எதுவும் இல்லை. "ஒன்பதாவது வீட்டுக்காரர், இந்த ஆணையமே மூன்று முறை அழைத்தும் வாய் திறக்கவில்லை. செவியடைப்பு என்றால் என்ன என்பதை இந்த அறையிலேயே கண்ணால் பார்த்துவிட்டோம்" என்றபோது அவர் குரலில் முதல் முறையாகக் கோபம் இருந்தது. செவிநெறி மன்றம் கலைக்கப்படுகிறது. கதவைத் திறக்காத ஒன்பது வீட்டாரின் பெயர்களும் தீர்ப்போடு வெளியிடப்படும். மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்.

மயிலரசி கண்ணை மூடிக்கொண்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். உடம்பெல்லாம் வெந்நீர் ஊற்றியது போல இருந்தது. ஒன்பது என்று அவர் சொன்னது அதற்குப் பிறகுதான் மெதுவாகக் காதில் ஏறியது.

அவள் வெளியே வருவதற்குள் வாசல் திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கியிருந்தன. கும்பல் கூடி நின்று படித்தது. குப்புராசு, சம்பூரணம் என்று வரிசையாக வந்து கடைசியில் துளசிமணி என்று நின்றது. யாரோ கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார்கள். கும்பலை விலக்கிக்கொண்டு அம்சவேணி வந்து மயிலரசியின் கையைப் பிடித்தாள். கணவனிடமிருந்து தப்பித்துப் போன பிறகு தையல் கடை வைத்துப் பிழைக்கிறாள்; தீர்ப்பைக் கேட்பதற்காகக் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள்.

"ஜெயிச்சுட்டீங்கக்கா. அம்மா ஆத்மா இன்னிக்குத்தான் குளுந்திருக்கும்" என்றவள் திரையைப் பார்த்து நின்றாள். "துளசி அத்தையுமாக்கா? எனக்குச் சூட்டுக் காயத்துக்கு மருந்து போட்டு உட்டவங்க அவங்க. அவங்களுமா கதவைத் தெறக்கல?"

பக்கத்தில் மன்றத்துக்காரர்கள் நின்றிருந்தார்கள். தாமோதரன் படியில் நின்று யாரிடமோ போனில் மேல்முறையீடு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

மயிலரசி ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

அம்சவேணியின் முகம் சுருங்கியது. அப்போதுதான் துளசிமணி படியிறங்கி வந்தாள். மன்றத்தார் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். அவர்களில் ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. அம்சவேணியைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"அம்சா, எப்படி கண்ணு இருக்கற? எளச்சுப் போயிட்டயே."

அம்சவேணி திரும்பவில்லை. மயிலரசியின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காதே கேட்காதவள் போல வேறு பக்கம் பார்த்து நின்றாள். துளசிமணி இன்னொரு முறை, மெதுவாக, அம்சா என்றாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். பின்னாலிருந்து யாரோ அவள் மேல் ஒரு தண்ணீர் பாட்டிலை வீசினார்கள். அது முதுகில் பட்டு விழுந்தது. அவள் நின்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கத்திக் கூப்பிட மயிலரசிக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. கூப்பிட்டால் திரும்பி வருவாள் என்பதும் தெரியும். படியில் தாமோதரன் இன்னும் போனில் பேசிக்கொண்டிருந்தார். மேல்முறையீட்டுக்கு இன்னும் முப்பது நாள் இருந்தது. அதுவரை மயிலரசி வாயைத் திறக்க முடியாது.